ஆலம்பரைக் காசும் என் தவறும்



போன வாரம் பேரனோடு ஆலம்பரைக் கோட்டைக்குப் போயிருந்தேன். கடப்பாக்கத்தில் இறங்கிக் கடல் பக்கம் போனால் இடிந்த செங்கல் சுவர்கள். "இங்கேதான் காசு அடித்தார்கள்" என்றேன். அவன் நம்பவில்லை.

நவாப் காலத்து நாணயச்சாலை அது. 1750இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே கைக்குப் போனது. 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர், சென்னையில் கம்பெனி. தங்க வராகன், ஆற்காட்டு வெள்ளி ரூபாய், செப்புக் காசு எல்லாம் ஒரே சந்தையில் புழங்கின. கம்பெனிக் கணக்கில் வராகனுக்கு 42 பணம், பணத்துக்கு 80 காசு. ஏட்டில் அது சரி, சந்தையில் ஏறும், இறங்கும். நெல் விற்றவன் கையில் ஒரு நாணயம், வரிக்குக் கேட்பது வேறு நாணயம். நடுவில் சராப்பு உட்கார்ந்து வட்டம் பிடித்துக்கொள்வார். நட்டம் குடியானவனுக்கு. 1818இல் சென்னை மாகாணம் வெள்ளி ரூபாய்க்கு மாறியது. ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய்.

இனி என் தவறு. ஆங்கிலக் 'கேஷ்' நம் காசுதான் என்று வகுப்பில் அடித்துச் சொன்னேனே, அது பாதிதான் சரி. கிழக்கு நாடுகளின் சில்லறை நாணயத்தைக் குறித்த 'கேஷ்' போர்த்துக்கீசியர் வழியாக நம் காசிலிருந்து போனது. ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' வேறு. அது பணப்பெட்டிக்கான பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது.

தேர்வில் 'பெட்டி' என்று எழுதிய ஒரு பையனுக்கு நான் மதிப்பெண் போடவில்லை. தம்பி, இதைப் படித்தால் ஒரு வார்த்தை எழுது. அந்த இரண்டு மதிப்பெண் உன்னுடையது.