விழுந்த வீரரைத் தொடலாமா?

நெடுந்தூர ஓட்டப் பந்தயத்திற்கும் பிற விளையாட்டுகளுக்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. பந்தாட்டத்தில் ஆடுவோர் திடலுக்குள் இருப்பர். காண்போர் வேலிக்கு வெளியே இருப்பர். மாரத்தான் ஓட்டத்திலோ வீரர் ஊரின் நடுவே, கைக்கெட்டும் தொலைவில் ஓடுகிறார். அவர் களைத்துத் தள்ளாடும்போது, பார்த்து நிற்பவரின் கை தானாகவே நீள்கிறது. அவ்வாறு நீளும் கை அவருக்கு நன்மை செய்யுமா, தீமை செய்யுமா? தாங்கினால் பரிசு போகும்; தாங்காவிட்டால் உயிரே போகலாம். இந்த இக்கட்டுக்கு விடை காண விளையாட்டுலகிற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் பிடித்தன. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

கேள்வி எழாத காலம்

முதல் ஒலிம்பிக் மாரத்தான் ஓட்டம் 1896-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் கிரேக்க நாட்டில் நடைபெற்றது. மாரத்தான் ஊரிலிருந்து ஏதென்ஸ் நகர் வரை ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவு. கிரேக்கராகிய ஸ்பிரிடோன் லூயிஸ் முதல்வராக அரங்கினுள் நுழைந்ததும், இளவரசர் இருவர் இறங்கிவந்து இறுதிக் கோடு வரை அவருடன் ஓடினர். காண வந்தவர் களத்தில் இறங்கியதை எவரும் குற்றமாகக் கருதவில்லை. அன்று அது நாட்டின் பெருவிழா. போட்டியின் சட்டம் பற்றி யார் நினைத்தார்?

எட்டாண்டுகள் கழித்து, 1904-இல், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த ஓட்டம் அத்துணை இனிமையாக அமையவில்லை. கோடை வெயில், புழுதிச் சாலை, முன்னே சென்ற மோட்டார் வண்டிகள் கிளப்பிய தூசி. குடிநீர் கிடைத்த இடங்களோ மிகச் சில. நீரின்றி உடல் எவ்வளவு தாங்கும் என்று அறிய அமைப்பாளர் ஜேம்ஸ் சல்லிவன் விரும்பியதே அதற்குக் காரணம். புறப்பட்ட 32 பேரில் 14 பேரே இறுதிவரை ஓடினர். வென்றவர் தாமஸ் ஹிக்ஸ். அவர் தண்ணீர் கேட்டபோது துணையாளர்கள் மறுத்தனர்; மாறாக ஸ்ட்ரிக்னின் என்னும் நச்சுப் பொருளைச் சிறிதளவு முட்டை வெண்கருவில் கலந்தும், பிராந்தியையும் ஊட்டினர். இறுதியில் இருபுறமும் தாங்கிப் பிடித்து, ஏறக்குறையத் தூக்கியே அவரைக் கொண்டுவந்தனர். இருந்தும் தங்கப் பதக்கம் அவருக்கே வழங்கப்பட்டது. கொடுக்க வேண்டிய நீரைக் கொடாமல், கொடுக்கத் தகாத நஞ்சைக் கொடுத்த உதவி அது!

லண்டன் தந்த பாடம்

நிலைமையை அடியோடு மாற்றியது 1908-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 24-ஆம் நாள் நடந்த லண்டன் ஓட்டமாகும். வின்ட்சர் கோட்டையில் தொடங்கி ஒயிட் சிட்டி அரங்கில் முடிந்த அதன் தொலைவு 26 மைல் 385 கெஜம். பின்னர் 1921-இல் உலகிற்கே பொது அளவாக ஏற்கப்பட்ட தொலைவும் அதுவேயாகும். முன்னணியில் ஓடிய தென்னாப்பிரிக்கர் சார்ல்ஸ் ஹெபரன், வழியில் ஒருவர் அன்போடு நீட்டிய ஷாம்பேனை வாங்கிக் குடித்தார். சற்று நேரத்தில் வயிறு பிடித்துக்கொண்டது, முதலிடமும் பறிபோயிற்று. காண்போர் காட்டும் அன்பே ஓடுவோரை வீழ்த்தக்கூடும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

அவரை முந்தி அரங்கினுள் நுழைந்தவர் இத்தாலியில் மிட்டாய்த் தொழில் செய்துவந்த டொராண்டோ பியெட்ரி. உள்ளே வந்ததும் அவர் திசை தவறித் திரும்பினார். விழுந்தார், எழுந்தார், மீண்டும் விழுந்தார். கூடியிருந்த பல்லாயிரவரும் பதைபதைத்தனர். ஓட்ட மேற்பார்வையாளர் ஜாக் ஆண்ட்ரூவும் டாக்டர் மைக்கேல் புல்ஜரும் அவரைத் தூக்கி நிறுத்தி, கோட்டைக் கடக்கத் துணை செய்தனர். 2 மணி 54 நிமிடம் 46 விநாடியில் ஓட்டத்தை முடித்த அவர், அமெரிக்கர் எழுப்பிய எதிர்ப்பின்பேரில் தகுதி நீக்கப்பட்டார். தங்கம் அமெரிக்க வீரர் ஜான் ஹேஸுக்குச் சென்றது.

சட்டம் பறித்ததை மக்கள் இரக்கம் ஈடுசெய்ய முயன்றது. மறுநாள் அரசி அலெக்சாண்ட்ரா, பொன்முலாம் பூசிய வெள்ளிக் கிண்ணமொன்றை டொராண்டோவுக்கு அளித்தார். துப்பறியும் கதைகளால் புகழ்பெற்ற ஆர்தர் கோனன் டாயில் அரங்கில் அமர்ந்து கண்டதைப் பத்திரிகையில் உருக்கமாக எழுதினார்; அவருக்கென நிதியும் திரட்டப்பட்டது. வென்றவரைவிடத் தோற்றவரே உலகப் புகழ் பெற்றார். எனினும் விளையாட்டு அதிகாரிகளின் உள்ளத்தில் பதிந்த பாடம் வேறு: ‘விழுந்தவரைத் தொடாதே, தொட்டால் அவருடைய உழைப்பெல்லாம் வீண்.’

ஒரே நாளில் இருவர்

நான்காண்டுகளுக்குப் பின், 1912-இல், ஸ்டாக்ஹோம் நகரிலும் வெயில் கொளுத்திற்று. போர்ச்சுகல் நாட்டு வீரர் பிரான்சிஸ்கோ லாசரோ, வெயில் சுடாதிருக்க உடலில் கொழுப்புப் பொருளைப் பூசிக்கொண்டு ஓடினார். வியர்வை வெளியேற வழியில்லாமற் போயிற்று. வழியிலேயே சாய்ந்த அவர் மறுநாள் இறந்தார். இக்கால ஒலிம்பிக் ஓட்டத்தில் நேர்ந்த முதல் சாவு அதுவாகும்.

அதே ஓட்டத்தில் ஜப்பானிய இளைஞர் ஷீசோ கனகுரியும் நினைவு தடுமாறினார். ஆனால் அவர் வழியோரத்தில் வாழ்ந்த குடும்பம் ஒன்றின் தோட்டத்தை அடைந்தார். அவர்கள் அயல்நாட்டாரென்று பாராமல் பழச்சாறு கொடுத்து, இளைப்பாறச் செய்தனர். போட்டியைத் தொடர முடியாத வெட்கத்தால் அவர் அதிகாரிகளிடம் சொல்லாமலே தாயகம் திரும்பினார். உயிர் பிழைத்த அவர் ஜப்பானில் நெடுந்தூர ஓட்டத்தை வளர்த்த முன்னோடியானார். 1967-இல் சுவீடன் நாட்டார் அவரை அழைத்து, விட்ட ஓட்டத்தை முடிக்கச் செய்தனர். கணக்கிட்ட நேரம் 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 விநாடி! அந்தக் குடும்பத்தாருக்குச் சட்டத் தடை ஏதும் இருக்கவில்லை. ஏனெனில், பந்தயத்தை விட்டவருக்கே அவர்கள் உதவினர். பந்தயத்தை விட மறுப்பவரை என்ன செய்வது என்பதே சிக்கல்.

எவரும் தொடாத பதினொரு நிமிடம்

அச்சிக்கல் 1954-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் வான்கூவரில் கொடிய உருவில் தோன்றிற்று. பிரிட்டிஷ் பேரரசு, காமன்வெல்த் விளையாட்டுகள் அங்கு நடைபெற்றன. ரோஜர் பானிஸ்டரும் ஜான் லாண்டியும் மோதிய புகழ்மிக்க ஒரு மைல் ஓட்டத்தைக் கண்டு மகிழ்ந்த அதே மக்கள், அடுத்து மாரத்தான் வீரரை வரவேற்கக் காத்திருந்தனர். 2 மணி 20 நிமிடத்திற்குள் மாரத்தானை முதன்முதலில் ஓடி முடித்த இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்ஸ் முதல்வராக நுழைந்தார். அடுத்தவருக்கும் அவருக்கும் இடையே 17 நிமிட இடைவெளி. நடந்தே சென்றிருந்தாலும் வென்றிருப்பார். ஆனால் அவரால் நடக்கவும் இயலவில்லை. விழுந்து, தவழ்ந்து, எழுந்து, மீண்டும் விழுந்து, ஏறத்தாழ 200 கெஜத்தைக் கடக்க அவருக்குப் பதினொரு நிமிடம் ஆயிற்று.

கூட்டம் கதறிற்று, சிலர் காண மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டனர். ஆனால் எவரும் அவரைத் தொடவில்லை. தொட்டால் டொராண்டோவுக்கு நேர்ந்தது இவருக்கும் நேரும் என்ற அச்சம் அனைவரையும் கட்டிப்போட்டது. இறுதியில் இங்கிலாந்துக் குழுவின் உடற்பிடிப்பாளர் அவரைப் பற்றினார். மாரத்தானின் முடிவுக்கோடோ இன்னும் அப்பால் இருந்தது. பரிசும் இல்லை, மருத்துவமனையே கிடைத்தது. பீட்டர்ஸ் பிழைத்தார், ஆனால் அதன்பின் அவர் எப்போட்டியிலும் ஓடவில்லை. லண்டனில் இரக்கம் மிகுந்து பரிசு போயிற்று. வான்கூவரில் சட்டம் மிகுந்து உயிரே போக இருந்தது.

மருத்துவம் கூறும் விடை

இவ்விரண்டிற்கும் நடுவழி காண மருத்துவ அறிவு தேவைப்பட்டது. விழுவோர் அனைவரும் ஒரே காரணத்தால் விழுவதில்லை என்று மருத்துவர்கள் பின்னர்த் தெளிவுபடுத்தினர். ஓடும்போது கால் தசைகள் குருதியை இதயத்தை நோக்கித் தள்ளுகின்றன. ஓட்டம் திடீரென நின்றால் குருதி கால்களில் தேங்குகிறது, மயக்கம் வருகிறது. ஆதலால்தான் ஓட்டம் முடிந்தவுடன் உட்காராமல் மெல்ல நடக்கச் சொல்கின்றனர். சாய்ந்தவரைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தினால் பெரும்பாலும் தேறிவிடுவார்.

இரண்டாவது காரணம் வெப்பத் தாக்கு. உடல் வெப்பம் 40 பாகை செல்சியசுக்கும் மேலேறி, அறிவு தடுமாறும். உடனே பனிக்கட்டி நீரில் அமிழ்த்திக் குளிர்விக்காவிட்டால் உயிருக்கே இடராகும். மூன்றாவது, நாம் எதிர்பாராதது: அளவு மீறி நீர் குடித்தல். குருதியில் உப்பின் விகிதம் தாழ்ந்து மூளை வீங்கும். 2002-இல் பாஸ்டன் மாரத்தான் வீரர் 488 பேரை ஆராய்ந்தபோது, அவர்களில் 13 விழுக்காட்டினருக்கு இக்குறை இருந்தது. செயின்ட் லூயிஸில் நீர் கொடாதது பிழை. அதைத் திருத்துவதாக எண்ணி வரைமுறையின்றி நீரைப் புகட்டுவதும் பிழையே. மூவரும் காண்போர் கண்ணுக்கு ஒன்றுபோலவே தள்ளாடுவர், மருந்தோ வெவ்வேறு.

சட்டம் கனிந்தது

1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் மகளிருக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தான் நடைபெற்றது. சுவிட்சர்லாந்தின் காப்ரியேலா ஆண்டர்சன் உடல் ஒருபுறம் சாய, ஒரு கை தொங்க அரங்கினுள் வந்தார். அருகில் வந்த மருத்துவர்களை விலகுமாறு சைகை காட்டினார். அவர்கள் அவரைத் தொடாமல் உடன் நடந்து கவனித்தனர். வியர்வை வழிவதைக் கண்டு, உடல் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்கிறது என்று உணர்ந்து, மேற்செல்ல விட்டனர். கடைசிச் சுற்றுக்கு ஐந்தரை நிமிடத்திற்கு மேல் ஆயிற்று. 37-ஆவதாக முடித்து, மருத்துவர் கைகளில் விழுந்தார், விரைவில் தேறினார். இதன் பின்னரே, மருத்துவர் தொட்டுச் சோதிப்பதனால் மட்டும் வீரர் தகுதி இழக்கமாட்டார் என்று விதி தளர்த்தப்பட்டது. டொராண்டோ விழுந்து 76 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த விடை அது.

காண்போர் கடமையோ இன்னும் முடிந்தபாடில்லை. 2004-இல் ஏதென்ஸில் முன்னணியில் ஓடிய பிரேசில் வீரர் வாண்டர்லே டி லிமாவை, கூட்டத்திலிருந்து பாய்ந்த ஒருவர் பிடித்து ஓரத்திற்குத் தள்ளினார். அதே கூட்டத்திலிருந்து ஓடிவந்த கிரேக்கர் ஒருவர்தாம் அவரை விடுவித்தார். வீரர் மூன்றாமிடமே பெற்றார். எனினும் இரு கைகளையும் சிறகெனவிரித்து மகிழ்ச்சியோடு அரங்கினுள் வந்தார். ஒரே கூட்டத்தின் ஒரு கை கெடுத்தது. மறு கை காத்தது.

வெப்பமும் புழுக்கமும் மிகுந்த நம் நாடுகளுக்கு இவ்வரலாறு அயலானதன்று. சிங்கப்பூரில் 1982-இல் மாரத்தான் தொடங்கிற்று. வெயிலுக்கு அஞ்சியே சிங்கப்பூர், பினாங்கு ஓட்டங்கள் பொழுது விடியுமுன் தொடங்கப்படுகின்றன. சாலையோரம் நின்று ஊக்குவிக்கும் நாம் அறிய வேண்டியது இதுவே: வேண்டாதபோது எதையும் வாயில் ஊட்டாதிருத்தல், பேச்சுக் குழறினாலோ, இடம் தெரியாமல் விழித்தாலோ மருத்துவக் குழுவை உடனே அழைத்தல், அவர்கள் வரும் வரை அருகில் நிற்றல். டொராண்டோவின்மேல் காட்டிய இரக்கம் பொய்யன்று. பீட்டர்ஸை மதித்து விலகிநின்றதும் பொய்யன்று. இரண்டிலும் குறைந்திருந்தது அறிவே. இரக்கத்தோடு அறிவும் சேரும்போதுதான் நீளும் கை உண்மையில் உதவும் கையாகிறது.