ஆத்தூரைக் கற்ற கல்விக்கூடம்



டென்மார்க் ஒரு சிறிய நாடு. 1814-இல் நார்வேயைப் பறிகொடுத்து நலிந்து நின்ற அந்நாட்டில், குருண்ட்விக் என்னும் அறிஞர் உழவர் மக்களுக்கும் உயர்கல்வி வேண்டும் என்று வாதாடினார். அவர் கருத்தைத் தழுவி 1844-இல் ரோடிங் என்னும் ஊரில் முதல் மக்கள் கல்லூரி தோன்றியது. ஆசிரியரும் மாணவரும் கூடி வாழ்ந்து கற்பதே அக்கல்வியின் உயிர்.

டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-இல் அமைந்த பல்கலைக் கழகக் கல்விக் குழு இம்முயற்சியைப் போற்றி, நம் நாட்டிலும் கிராமியப் பல்கலைக் கழகங்கள் எழ வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்கு முன்னரே, 1947-இல், ஆத்தூர் வட்டாரத்துச் சின்னாளபட்டிக்கு அருகில் காந்திகிராமம் பிறந்துவிட்டது. அதனை நிறுவியவர்கள் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவர் கணவர் கோ. இராமச்சந்திரனும் ஆவர். அங்கே 1956-இல் கிராமிய உயர்கல்வி நிலையம் தொடங்கியது.

அம்மாணவர் வாழ்க்கை நகரத்துக் கல்லூரி வாழ்க்கையினின்றும் வேறானது. சர்வ சமயப் பிரார்த்தனை, துப்புரவுப் பணி, உடலுழைப்பு ஆகியவை பாடத்தோடு இணைந்திருந்தன. கிராமங்களில் சில நாள் தங்கி, மக்களோடு பழகி, அவர்தம் நிலையை ஆராய்வதும் கல்வியின் பகுதியே.

ஆராய்ச்சிக்கும் அவ்வட்டாரமே களமாயிற்று. காந்திகிராமத்தின் மற்றொரு கிளையாக 1959-இல் முன்னோடிச் சுகாதாரத் திட்டம் ஆத்தூர் வட்டாரத்தில் தொடங்கியது. குடும்ப நலத்தை வெறும் பிரசாரத்தால் வளர்க்க இயலாது என்பதை அதன் ஊழியர்கள் உணர்ந்தனர். ஆகவே, ஊரார் தாமே மதித்து நம்பும் ஆண்களையும் பெண்களையும் கண்டறிந்து, பயிற்சி தந்து, அவர்கள் வாயிலாகச் செய்தியைப் பரப்பினர். பத்தாண்டுக்குள் பிறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்தது. பிற நாட்டு ஆய்வாளரும் ஆத்தூரின் அனுபவத்தை அறிய விழைந்தனர்.

எனினும், இப்பாதை எளிதாக இருக்கவில்லை. கிராமிய உயர்கல்வி நிலையங்கள் வழங்கிய பட்டயங்களுக்கு வேலைச் சந்தையில் போதிய மதிப்புக் கிட்டவில்லை. கிராமத்துக்கெனக் கற்றவனுக்குப் பிழைப்பு எங்கே என்று பெற்றோர் கேட்டது நியாயமே. நாட்டில் தோன்றிய அத்தகைய நிலையங்கள் பல, காலப்போக்கில் பொதுக் கல்லூரிகளாகிவிட்டன. காந்திகிராமமோ தன் பெயரையும் நோக்கையும் விடாமல், 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக் கழகமாக உயர்ந்தது. பட்டத்தின் மதிப்பும் பணியின் நோக்கமும் ஒருங்கே நிற்க அது வழி செய்தது.

ஊரைவிட்டு வெளியேற மட்டுமே கல்வி உதவினால், எஞ்சிய ஊருக்கு யார் துணை? இவ்வினாவை ஆத்தூர் வட்டாரம் நம் முன் வைத்தது. விடை கூற வேண்டியவர்கள் இன்று கற்கும் நீங்களே.