மஸ்கெலியாத் தொகுதியும் அரசியல் யாப்புத் திருத்த அதிகாரமும்

பாராளுமன்றத்தின் யாப்புத் திருத்த அதிகாரம் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரு வினாக்களையே எழுப்புவர். திருத்தமொன்றுக்கு எத்தனை உறுப்பினரின் ஆதரவு வேண்டும் என்பது ஒன்று. எந்தப் பெரும்பான்மையாலும் தீண்ட முடியாத பகுதி யாப்பில் உண்டா என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் முற்பட்ட வினா ஒன்று உளது. அவ்வுறுப்பினரைத் தெரிவு செய்யும் மக்கள் யாவர், அதனைத் தீர்மானிப்பவர் யாவர் என்பதே அது. இலங்கையைப் பொறுத்தவரை இவ்வினாவுக்கான விடை மஸ்கெலியா போன்ற மலையகத் தொகுதிகளின் வரலாற்றிற் பொதிந்துள்ளது.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் மஸ்கெலியாத் தொகுதியில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஜி. ஆர். மோத்தா வெற்றி பெற்றார். நுவரெலியாவில் எஸ். தொண்டமான், தலவாக்கொல்லையில் சி. வி. வேலுப்பிள்ளை உட்பட அக்கட்சியினர் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் வேறு பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளருக்கும் துணை நின்றன. தெரிவான 95 உறுப்பினருள் ஐக்கிய தேசியக் கட்சியினர் 42 பேர் மட்டுமே. தேயிலைப் பொருளாதாரத்தைத் தாங்கி நின்ற வர்க்கம், அரசதிகாரத்தின் சமநிலையையும் அசைக்கவல்லது என்பதை ஆளும் வர்க்கம் அத்தேர்தலில் கண்டுகொண்டது.

அப்போது நடைமுறையிலிருந்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு ஈண்டு நோக்கத்தக்கது. எந்தவோர் இனத்தவர்க்கும் ஏனைய இனத்தவர்க்கில்லாத இடர்ப்பாட்டை விதிக்கும் சட்டம் செல்லாது என்றது அதன் இரண்டாம் உட்பிரிவு. யாப்பைத் திருத்துவதாயின் மொத்த உறுப்பினருள் மூன்றிலிரு பங்கினரின் ஆதரவு வேண்டும் என்றது நான்காம் உட்பிரிவு. நியமன உறுப்பினர் உட்பட 101 பேர் கொண்ட சபையில் அதற்கு 68 வாக்குகள் தேவை. ஏட்டளவில் இவை வலுவான அரண்களே.

எனினும் அவ்வரண்களைத் தகர்க்க வேண்டிய தேவை எழவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் சாதாரணச் சட்டமாகவே நிறைவேறியது. இலங்கை மண்ணிற் பிறந்தவரும், தம் தந்தை இங்கு பிறந்தார் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தனர் என்றோ நிறுவ வேண்டியவராயினர். லயன் அறைகளிற் பிறந்து, தோட்டத்துச் செக்றோலில் மட்டும் பெயர் பதியப்பெற்ற தொழிலாளரிடம் அத்தகைய சான்றுகள் எங்ஙனம் இருக்கும்? 1949இல் இயற்றப்பட்ட இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. ஏறக்குறைய ஆறிலொரு பங்கினரே ஏற்கப்பட்டனர். அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையைப் பிரஜைகளுக்கு மட்டும் உரியதாக்கியது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஓரிடமேனும் கிட்டவில்லை. யாப்பில் ஓரெழுத்தும் மாறாமலே யாப்பின் மக்கள் மாற்றப்பட்டனர்.

இச்சட்டங்கள் 29ஆம் பிரிவுக்கு முரணானவை என்ற வாதம் நீதிமன்றத்தையும் எட்டியது. ருவன்வெல்லைத் தொகுதியின் வாக்காளர் இடாப்பில் இடம்கோரிய கோடாக்கன்பிள்ளையின் வழக்கில், 1951இல் உயர் நீதிமன்றமும் 1953இல் இலண்டன் கோமறைக் கழகமும் அவ்வாதத்தை நிராகரித்தன. தன் பிரஜைகள் யாவர் என நிர்ணயிப்பது ஒரு நாட்டின் சட்டசபைக்கு இயல்பாகவே உரிய பணி என்பது கோமறைக் கழகத்தின் நிலைப்பாடு. சட்டத்தின் சொற்களில் எந்த இனத்தின் பெயரும் இல்லையென்பது உண்மையே. ஆயின் சொல்லின் பொதுமை, பிறப்புச் சான்று உடையோரையும் இல்லாதோரையும் சமமானோராக்கிவிடாது. சட்டத்தின் வடிவத்தை அதன் சமூக உள்ளடக்கத்தினின்றும் பிரித்து நோக்கும் முதலாளித்துவ நீதிமுறையின் எல்லைப்பாடு இவ்வழக்கிற் புலப்படுகின்றது.

இதனினும் ஆழமான முரண்பாடொன்று தொகுதி நிர்ணயத்தில் உறைந்திருந்தது. சோல்பரி யாப்பின்படி மாகாணமொன்றுக்கு 75,000 பேருக்கு ஓர் ஆசனமும், 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனமும் ஒதுக்கப்பட்டன. கணக்கெடுக்கப்பட்டோர் வாக்காளரல்லர், குடித்தொகையினர் அனைவரும் ஆவர். 1959ஆம் ஆண்டுத் தொகுதி நிர்ணயத்திலும் இம்முறையே தொடர்ந்தது. எனவே வாக்கில்லாத தொழிலாளரும் தலையெண்ணிக்கையிற் சேர்க்கப்பட்டு, மலையகத்தின் ஆசனத் தொகையைப் பெருக்கினர். அவ்வாசனங்களை நிரப்பியதோ அயற்கிராமத்தவரின் வாக்கு. பிற்காலத்தில் யாப்பை மாற்ற உயர்ந்த கைகளுட் சில, இவ்வாறு தம் பேரில் ஒதுக்கப்பட்டும் தம்மாற் பயன்படுத்தவியலாத ஆசனங்களிலிருந்தே உயர்ந்தன. தேயிலையில் மட்டுமன்றி அரசியலிலும் தொழிலாளரின் உபரியைப் பிறர் நுகர்ந்தனர் எனலாம்.

1964இல் இலஞ்ச ஆணையாளர் எதிர் ரணசிங்க வழக்கிலே, மூன்றிலிரு பங்கு ஆதரவுக்கான சபாநாயகரின் சான்றின்றி யாப்புக்கு முரணாக இயற்றப்படும் சட்டம் செல்லாதெனக் கோமறைக் கழகம் தீர்ப்பளித்தது. 29ஆம் பிரிவின் பாதுகாப்புகள் பிரஜைகள் தம்முள் செய்துகொண்ட இணக்கத்தின் அடிப்படையாதலின் மாற்றவியலாதன எனவும் அது கருத்துரைத்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையோ 9,75,000 பேரைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிற்கால முடிவுக்கு. ஓரிடத்தில் உரிமை மாற்றவியலாதது எனப்பட்டது. பிறிதோரிடத்தில் மனிதர் எண்ணிக்கையாகப் பகுக்கப்பட்டனர். இரண்டுக்குமிடையே நின்ற வேலி 'பிரஜை' என்ற சொல்லே.

1970இல் ஐக்கிய முன்னணி பாதிக்குக் குறைந்த வாக்குகளுடன், தெரிவுக்குரிய 151 ஆசனங்களுள் 116ஐப் பெற்றது. அரசியல் நிர்ணய சபை வகுத்த 1972ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் யாப்பில் 29ஆம் பிரிவு இடம்பெறவில்லை. ஏகாதிபத்தியத்தின் சட்டப் பிணைப்பை அறுத்தமை முற்போக்கான செயல் என்பதில் ஐயமில்லை. எனினும் பேச்சு, கூட்டம், சங்கம் ஆகிய உரிமைகளைப் 'பிரஜைகளுக்கு' என அவ்யாப்பு வரையறுத்தபோது, நாட்டின் மிகப்பெரிய தொழிலாளர் திரளில் பெரும்பகுதி அதற்குப் புறத்தே நின்றது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்த இடதுசாரிகள் 1972இல் அரசாங்கத்தில் அமர்ந்திருந்தனர். தேசிய முதலாளித்துவத்துடனான கூட்டுக்கு அவர்கள் கொடுத்த விலையை மார்க்சிய ஆய்வு மறைத்தல் தகாது.

1977இல் நுவரெலியா–மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதியாயிற்று. அதன் மூன்றாம் உறுப்பினராகத் தொண்டமான் தெரிவானார். முப்பதாண்டு இடைவெளி இது. அதே தேர்தலில் 168 ஆசனங்களுள் 140ஐப் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சி 1978இல் வேறொரு யாப்பை இயற்றியது. 1982 டிசம்பர் 22ஆம் நாள் சர்வசன வாக்கெடுப்பின் மூலம் அப்பெரும்பான்மையின் ஆயுளையும் நீட்டித்துக்கொண்டது. பறிக்கப்பட்ட பிரஜாவுரிமையோ 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சாதாரணச் சட்டங்களாலேயே படிப்படியாக மீண்டது. அதற்கு 55 ஆண்டுகள் சென்றன.

1973இல் கேசவானந்த பாரதி வழக்கில், யாப்பின் அடிப்படைக் கட்டமைப்பைப் பாராளுமன்றம் சிதைக்கவியலாதென இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தகைய எல்லை இலங்கைக்கும் வேண்டும் என்பார் உளர். அக்கோரிக்கை நியாயமானதே, ஆயினும் போதுமானதன்று. திருத்த அதிகாரத்திற்கு எல்லை வகுத்த ஒரு யாப்பின் நிழலிலேயே மலையக மக்கள் நாடற்றோராயினர். 2024 நவம்பர்த் தேர்தலில் 225 ஆசனங்களுள் 159ஐ ஒரே அணி வென்றது. புதிய யாப்பும் அதன் வாக்குறுதிகளுள் ஒன்று. அத்தகைய யாப்பு வரையப்படுமாயின், சாதாரணப் பெரும்பான்மையாற் பிரஜாவுரிமையைப் பறிக்கும் வழி அதில் அடைக்கப்பட்டுள்ளதா என்பதையே மலையகம் முதலில் வினவுதல் வேண்டும்.