ஒரு நிமிஷ மூச்சு

கிராம சுகாதார செவிலியராக ஜவ்வாது மலைக்கு நான் வந்தது 1993இல். ஜமுனாமரத்தூரிலிருந்து குக்கிராமங்களுக்கு நடைதான். பையில் தராசு, மாத்திரைகள், உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவி. பொத்தானை அழுத்தினால் நொடிக்கொரு 'டிக்'. அரை நிமிஷத்திலும் முழு நிமிஷத்திலும் 'பீப்'. யுனிசெஃப் தந்தது.

1992இல் வந்த குழந்தை நலத் திட்டத்தில், நிமோனியாவைக் கண்டுபிடிக்க எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வழி மூச்சை எண்ணுவதுதான். நிமிஷத்துக்கு, இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இரண்டு மாதம் தாண்டிய பிள்ளைக்கு எண்ணிக்கை அதைத் தொட்டால் அப்போது கோட்ரைமாக்சசோல். மூச்சிழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே போனாலோ, இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு எண்ணிக்கை அதைத் தொட்டாலோ உடனே மலையிறக்க வேண்டியிருந்தது. இந்தக் கணக்குக்கு வித்திட்டதும் ஒரு மலைநாடு. பப்புவா நியூ கினியின் கொரோகாவில் ஃபிராங்க் ஷான் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் செய்து 1984இல் வெளியிட்ட ஆய்வு அது. எக்ஸ்ரே எட்டாத ஊரில் கண்ணே போதும் என்றார்கள்.

கண் போதும், பொறுமையும் வேண்டும். அழும் பிள்ளையை எண்ணக் கூடாது, பால் குடிக்கும்போதும் கூடாது. அம்மா மடியில் அடங்கும்வரை காத்திருந்து, சட்டையை லேசாகத் தூக்கி வயிற்றைப் பார்க்க வேண்டும். ஏறி இறங்கினால் ஒன்று. கைக்குழந்தையின் மூச்சு சீராக வராது. வேகமாக நாலைந்து, கொஞ்சம் நிற்கும், மறுபடி வேகம். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்கினால் கணக்கு பொய்த்துவிடும். ஒரு வீட்டில் வாசலில் சாமை குத்திக்கொண்டிருந்தார்கள். என் எண்ணிக்கை உலக்கையோடு போய்விட்டது. "கொஞ்சம் நிறுத்துங்கம்மா" என்று சொல்லி முதலிலிருந்து எண்ணினேன். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு 34. மாத்திரை வேண்டாம் என்றேன். மாத்திரை தராத நர்சு என்ன நர்சு என்பதுபோல் பார்த்தாள் அந்த அம்மா. மாத்திரை கொடுப்பதைவிடக் கொடுக்காமல் வருவதுதான் கஷ்டம்.

பெரியவர்களிடம் சிக்கல் வேறு. எண்ணுகிறோம் என்று தெரிந்தாலே மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பார்ப்போம்.

மூலிகை வைத்தியம் பார்க்கும் தாத்தா ஒருவர் என் கருவியைப் பார்த்துச் சிரித்தார். "நாழிகைக்கு 360 மூச்சு, நாளுக்கு 21,600. சித்தருங்க அப்பவே எண்ணி வச்சிட்டாங்க, நர்சம்மா." நாழிகை 24 நிமிஷம், வகுத்துப் பார்த்தால் நிமிஷத்துக்கு 15. எங்கள் பாடத்தில் பெரியவர்களுக்கு 12 முதல் 20. எண்ணியவர் யாரோ, சும்மா உட்கார்ந்திருந்த ஆளைத்தான் எண்ணியிருக்கிறார். மலையேறி வந்த என்னை எண்ணியிருந்தால் நாழிகையே சுருங்கியிருக்கும்.

"உங்களுதை எண்ணட்டுமா தாத்தா?" என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடினார். 9. அப்புறம் மகளுக்கு மாப்பிள்ளை தேடும் கதையை அவர் சொல்லி ஓய்ந்த நேரத்தில், நாடி பார்க்கிறேன் என்று கையைப் பிடித்தேன். 16.