தீவுகளுக்கு இடையே ஓர் அந்நியக் கடல்

1957 டிசம்பர் 13 அன்று ஜகார்த்தாவில் பிரதமர் ஜுவாண்டா கர்தவிஜாயாவின் அரசு வெளியிட்ட அறிவிப்பு, இந்தோனேசியத் தீவுகளைச் சூழ்ந்தும் அவற்றுக்கு இடையிலும் பரந்துள்ள கடல் முழுவதும், அதன் அகலம் எவ்வளவாக இருந்தாலும், அந்நாட்டின் நிலத்தோடு பிரிக்க முடியாதபடி சேர்ந்த பகுதி என்றும், அதன் மீது அரசுக்கு முழு இறையாண்மை உண்டு என்றும் கூறியது. பிலிப்பைன்ஸ் இதற்குச் சற்று முன்னர் ஒத்த கோரிக்கையொன்றை எழுப்பியிருந்தது என்பதைத் தவிர, இப்படியொரு உரிமைக்கு அன்றைய பன்னாட்டுச் சட்டத்தில் இடமே இருக்கவில்லை. சொந்தப் படைத் தளபதிகளையே கட்டுக்குள் வைக்க முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்த ஓர் ஏழை நாட்டின் அறிவிப்பு என்பதால் பெரிய கடற்படை நாடுகள் அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்றே கருதின. ஆயினும் கால் நூற்றாண்டுக்குள் அதே கோட்பாடு உலகக் கடற்சட்டத்தின் ஒரு தனிப் பகுதியாக ஏறியது. உலக அரசியல் இந்தோனேசியாவை எப்படியெல்லாம் அலைக்கழித்தது என்று பேசும் வரலாறுகள் பல உண்டு. அந்த அலைக்கழிப்பினூடே அந்நாடு உலகின் விதியொன்றைத் திருத்தி எழுதிய வரலாறும் அதே அளவு கவனத்துக்கு உரியது.

சிக்கலின் வேர் ஓர் ஒல்லாந்தர் சட்டத்தில் இருந்தது. 1939-இல் காலனி அரசு பிறப்பித்த கடல் எல்லைச் சட்டத்தின்படி, ஒவ்வொரு தீவும் தன் கரையிலிருந்து மூன்று கடல் மைல், அதாவது ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீட்டர், தொலைவு வரை மட்டுமே பிராந்தியக் கடலைப் பெற்றது. பிராந்தியக் கடல் என்பது கரையோர நாட்டின் ஆட்சிக்கு உட்பட்ட நீர்ப்பரப்பு. அதற்கு அப்பால் இருப்பது எந்த நாட்டின் கப்பலும் தடையின்றிச் செல்லக்கூடிய பொதுக்கடல். ஜாவாவுக்கும் கலிமந்தானுக்கும் இடையே கடல் பல நூறு கிலோமீட்டர் அகலம் விரிந்திருப்பதால், சுரபாயாவிலிருந்து மக்காசாருக்கு அரிசி மூட்டை ஏற்றிச் செல்லும் உள்நாட்டுக் கப்பல்கூடச் சட்டத்தின் பார்வையில் வழியில் நாட்டை விட்டு வெளியேறி மீண்டும் நாட்டுக்குள் நுழைந்தது. கடற்படை வலிமையும், தீவுகளுக்கிடையிலான போக்குவரத்தைத் தன் கையில் வைத்திருந்த கேபிஎம் என்ற கப்பல் நிறுவனமும் உடைய ஒல்லாந்துக்கு இதனால் இழப்பொன்றும் இல்லை. கரையோர உரிமை குறுகக் குறுகப் பொதுக்கடல் விரியும், பொதுக்கடல் விரிய விரியப் பெரிய கடற்படைகளுக்கு ஆதாயம் என்பதே மூன்று மைல் விதியின் உட்பொருள். பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட புதிய குடியரசு, அந்தச் சட்டத்தையும் அதனால் சிதறிக் கிடந்த வரைபடத்தையும் அப்படியே ஏற்க நேர்ந்தது.

1945 ஆகஸ்ட் 17-இல் விடுதலையை அறிவித்த இந்தோனேசியா நான்கு ஆண்டுகள் போரிலும் பேச்சுவார்த்தையிலும் கழித்த பிறகே, 1949 டிசம்பர் 27-இல் ஒல்லாந்து இறையாண்மையை ஒப்படைத்தது. கம்யூனிச எதிர்ப்பில் உறுதி காட்டிய குடியரசை இனிப் பகைத்துக்கொள்வதில் பயனில்லை என்று வாஷிங்டன் முடிவு செய்து ஒல்லாந்தை நெருக்கியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். நியூகினியின் மேற்குப் பாதி மட்டும் ஒல்லாந்தர் வசமே தங்கிவிட, மேற்கு இரியான் என்று இந்தோனேசியர் அழைத்த அப்பகுதி அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளின் அரசியலையெல்லாம் தன்னைச் சுற்றியே சுழல வைத்தது. 1955 ஏப்ரலில் பாண்டுங் மாநாட்டுக்கு 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளை வரவழைத்த அதிபர் சுகர்ணோவின் புகழ் உலகெங்கும் பரவியபோதும், அந்தப் புகழ் ஐ.நா. பொதுச்சபையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்காக மாறவில்லை. 1957 நவம்பர் 29-இல் மேற்கு இரியான் குறித்த தீர்மானம் தோற்றது. அடுத்த சில நாட்களில் ஒல்லாந்தர் நிறுவனங்களைத் தொழிற்சங்கங்களும் படையினரும் கைப்பற்றத் தொடங்கினர். கேபிஎம் தன் சேவையை நிறுத்திக்கொண்டதால் வெளித் தீவுகளுக்குச் சரக்கு சென்று சேர்வதே பெரும்பாடாயிற்று.

அதே வேளையில் சுமத்ராவிலும் சுலவேசியிலும் இருந்த படைத் தளபதிகள் ஜகார்த்தாவுக்குப் பணியாமல், ரப்பரையும் கொப்பரையையும் நேரே வெளிநாட்டுச் சந்தைகளுக்கு அனுப்பித் தம் படைகளுக்குச் செலவு செய்துகொண்டிருந்தனர். 1957-இல் ஜாவாவின் உள்ளாட்சித் தேர்தல்களில் கம்யூனிஸ்ட் கட்சி பெற்ற வெற்றியைக் கண்டு அஞ்சிய அமெரிக்கா அத்தளபதிகளுக்கு மறைமுகமாக ஆயுதமும் விமானமும் தந்தது; 1958 மே 18-இல் ஆம்பன் அருகே சுட்டு வீழ்த்தப்பட்ட குண்டுவீச்சு விமானத்தின் அமெரிக்க விமானி உயிரோடு பிடிபட்டதும் அந்த மறைவு குலைந்தது. ஆயுதம் வந்த வழியும் கொப்பரை போன வழியும், ஒல்லாந்துப் போர்க்கப்பல்கள் மேற்கு இரியானுக்குச் சென்ற வழியும் தீவுகளுக்கு இடைப்பட்ட அந்தப் பொதுக்கடலே. கடல் சட்டப்படி அந்நியமாக இருக்கும் வரை நாடு அரசியலில் ஒன்றாவது அரிது என்ற எண்ணம் ஜகார்த்தாவில் வலுப்பெற்றது இந்தச் சூழலில்தான்.

ஜாவாக் கடலை ஒல்லாந்துப் போர்க்கப்பல்களுக்கு மூடுவதற்குச் சட்டத்தில் வழி உண்டா என்று அமைச்சர் சைருல் சாலே கேட்டபோது, அதற்கு விடை தேடும் பொறுப்பு மோக்தார் குசுமாத்மஜா என்ற இளம் சட்ட அறிஞரிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. கடல் எல்லைச் சட்டத்தைத் திருத்த அமர்த்தப்பட்டிருந்த குழு அதுவரை யோசித்திருந்ததெல்லாம் மூன்று மைலைப் பன்னிரண்டு மைலாக்குவதைப் பற்றியே. பன்னிரண்டு மைல் ஆனாலும் ஜாவாக் கடலின் நடுப்பகுதி திறந்தே கிடக்கும். அவருக்குக் கைகொடுத்தது 1951-இல் பன்னாட்டு நீதிமன்றம் நார்வேக்குச் சார்பாக அளித்த தீர்ப்பு. நார்வேயின் கரை குடைவுகளும் சிறு தீவுகளுமாகக் கிழிந்து கிடப்பதால், கரையின் வளைவுகளைப் பின்பற்றாமல் வெளிமுனைகளை நேர்கோடுகளால் இணைத்து, அக்கோடுகளிலிருந்து பிராந்தியக் கடலை அளக்கலாம் என்று அத்தீர்ப்பு ஏற்றிருந்தது. அளவைத் தொடங்கும் இக்கோடு அடிக்கோடு எனப்படும். ஒரு கண்டத்தின் கரைக்குப் பொருந்திய இம்முறையைத் தீவுக்கூட்டம் முழுவதற்கும் நீட்டி, கடைக்கோடித் தீவுகளின் வெளிமுனைகளை இணைத்தால், உள்ளே அடங்கும் கடல் முழுவதும் நாட்டின் உள்நீர் ஆகிவிடும். துணிவான வாதம் இது. ஆனால் வெறும் துணிவு அன்று, முன்னுதாரணம் ஒன்றின் மேல் கவனமாகக் கட்டியெழுப்பிய வாதம். இந்தோனேசியாவின் வெற்றிக்கு அடித்தளமிட்டதில் சுகர்ணோவின் மேடை முழக்கங்களைவிட இந்தச் சட்ட நுட்பத்துக்கே பங்கு அதிகம்.

அமெரிக்கா, பிரிட்டன், ஒல்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவை உடனே எதிர்ப்புத் தெரிவித்தன. 1958-இல் ஜெனீவாவில் கூடிய முதல் ஐ.நா. கடற்சட்ட மாநாடு கோட்பாட்டைக் கேட்டுக்கொண்டு கடந்து சென்றது. 1960-இன் இரண்டாம் மாநாடு பிராந்தியக் கடலின் அகலத்தைக்கூட முடிவு செய்யாமல் கலைந்தது. இந்தோனேசியா காத்திருக்கவில்லை. 1960 பிப்ரவரியில் அறிவிப்பைச் சட்டமாக்கி 196 நேர்கோடுகளை வரைந்ததன் மூலம், ஏறத்தாழ இருபது லட்சம் சதுர கிலோமீட்டர் நிலம் கொண்ட நாடு ஐம்பது லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பைத் தனதாக அறிவித்தது. ஆனால் காகிதக் கோட்டைக் காக்கக் கப்பல் வேண்டும். ஒல்லாந்து 1960-இல் கரேல் டோர்மன் என்ற விமானந்தாங்கிக் கப்பலை அனுப்ப, ஜகார்த்தா சோவியத் ஒன்றியத்திடமிருந்து கடன் அடிப்படையில் பெருமளவு ஆயுதம் வாங்கியது. பிற்காலத்தில் இரியான் என்று பெயரிடப்பட்ட சோவியத் போர்க்கப்பலும் அவற்றுள் ஒன்று. 1962 ஜனவரி 15-இல் அரபுராக் கடல் மோதலில் துணைத் தளபதி யோஸ் சுடார்சோ கப்பலோடு மூழ்கியபோது, போர் பெருகினால் இந்தோனேசியா முழுமையாக மாஸ்கோவின் பக்கம் சாய்ந்துவிடும் என்று கென்னடி அரசு அஞ்சியது. அந்த அச்சத்தின் விளைவாகவே அவ்வாண்டு ஆகஸ்டில் நியூயார்க் ஒப்பந்தம் கையெழுத்தாகி, பின்னர் மேற்கு இரியான் ஜகார்த்தாவுக்கு வந்தது. அங்கே வாழ்ந்த பாப்புவா மக்களின் விருப்பம் 1969-இல் படையினரின் கண்காணிப்பில், தெரிந்தெடுக்கப்பட்ட சுமார் ஆயிரம் பேரைக் கொண்டே கேட்கப்பட்டது. தீவுகளை ஒன்றாகக் கண்ட கோட்பாடு அத்தீவுகளின் மக்களை எப்போதும் கலந்துகொள்ளவில்லை என்பதை இவ்வரலாற்றின் வெற்றிகளுக்கு நடுவே மறைக்கக் கூடாது.

மலேசிய உருவாக்கத்தை இந்தோனேசியா எதிர்த்த காலத்தில் புதிய கடற்கோட்டை பிரிட்டன் சோதித்துப் பார்த்தது. 1964 ஆகஸ்ட் இறுதியில் விக்டோரியஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் இரு துணைக்கப்பல்களோடு, ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையிலான சுண்டா நீரிணை வழியே ஆஸ்திரேலியாவுக்குச் சென்றது. திரும்பும் பயணத்தில் அதே நீரிணையில் நுழைய ஜகார்த்தா தடை சொல்ல, இரு தரப்பும் போரின் விளிம்புக்கு வந்தன. இறுதியில் அக்கப்பல்கள் கிழக்கே உள்ள லொம்போக் நீரிணை வழியாகத் திரும்பின. போகும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று பிரிட்டனும், சுண்டாவைத் திறக்கவில்லை என்று இந்தோனேசியாவும் சொல்லிக்கொள்ள முடிந்தது.

1965-இன் இரத்தக்களரிக்குப் பின் சுகர்ணோ வீழ்ந்து சுகார்த்தோ ஆட்சிக்கு வந்தார். நாட்டின் நட்பும் பகையும் தலைகீழாயின, கடற்கோட்பாடு மட்டும் மாறவில்லை. எதிர்க்கட்சி, பத்திரிகை, தொழிற்சங்கம் என்று பழைய அரசியலின் எல்லாவற்றையும் ஒடுக்கிய ஆட்சி, ஜுவாண்டாவின் அறிவிப்பைக் கைவிடாமல் அதை முன்னெடுக்கும் வழியை மட்டும் மாற்றியது. கடலடி எண்ணெய்க்கு முதலீடு வர எல்லை தெளிவாக வேண்டும் என்பதால் அண்டை நாடுகளோடு ஒவ்வொன்றாக உடன்பாடு காணப்பட்டது. கரையிலிருந்து கடலுக்கடியில் தொடரும் நிலப்பகுதியான கண்டத்திட்டைப் பிரிக்கும் ஒப்பந்தம் 1969-இல் மலேசியாவோடும், 1971-இலும் 1972-இலும் ஆஸ்திரேலியாவோடும், 1974 ஆகஸ்ட் 8-இல் இந்தியாவோடும் ஏற்பட்டது. பெரிய நிகோபாருக்கும் சுமத்ராவின் வட முனைக்கும் இடையே இருநூறு கிலோமீட்டருக்கும் குறைவான கடல் கிடப்பதால், வங்காள விரிகுடாவின் வாயிலில் இந்தியாவின் எல்லை வரையப்பட்டதும் இந்தக் கதையின் ஒரு பகுதியே.

1971 நவம்பர் 16-இல் இந்தோனேசியாவும் மலேசியாவும் மலாக்கா நீரிணை பன்னாட்டு நீரிணை அன்று என்று கூட்டாக அறிவித்தன. ஒரு மாதத்துக்குள், வங்கதேசப் போரின் உச்சத்தில், எண்டர்பிரைஸ் என்ற அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பலின் தலைமையில் அமெரிக்கக் கடற்படைப் பிரிவொன்று அதே நீரிணை வழியாக வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்தது. அதைவிடக் குறிப்பிடத்தக்கது சோவியத் ஒன்றியத்தின் நிலைமாற்றம்: மேற்கு இரியான் காலத்தில் ஜகார்த்தாவுக்கு ஆயுதம் தந்த மாஸ்கோ, தன் கடற்படை உலகெங்கும் உலவத் தொடங்கியபின், மலாக்காவின் வழி எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று 1972-இல் அமெரிக்காவின் குரலிலேயே பேசியது. பனிப்போரின் இரு தலைமை நாடுகளும் கடல் விஷயத்தில் ஒரே பக்கம் நின்றதால், ஒன்றைக் காட்டி மற்றொன்றிடம் பெறும் பழைய உத்தி இந்தோனேசியாவுக்கு உதவாமற்போனது.

ஆகவே 1973-இல் தொடங்கிய மூன்றாம் கடற்சட்ட மாநாட்டில் மோக்தாரும், ஹஷீம் ஜலால் போன்ற தூதர்களும் பேரத்துக்கு ஆயத்தமாகவே சென்றனர். இம்மாநாட்டின் முதல் தலைவர் இலங்கையின் ஷேர்லி அமரசிங்க; 1980-இல் அவர் மறைந்தபின் சிங்கப்பூரின் டாமி கோ பொறுப்பேற்றார். இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், பிஜி, மொரீசியஸ் ஆகிய நான்கும் ஒரு குழுவாக நின்று தீவுக்கூட்ட நாடு என்ற தனி வகையைக் கோரின. வல்லரசுகள் விரும்பியது வழி. முக்கியமாக, பசிபிக்கையும் இந்தியப் பெருங்கடலையும் இணைக்கும் தீமோருக்கு வடக்கேயுள்ள ஆழமான ஓம்பை-வேதார் நீரிணைகளில் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்கள் மேலெழாமல் செல்லும் வழி. இந்தோனேசியா விரும்பியது உரிமை. 1982 டிசம்பர் 10-இல் ஜமைக்காவின் மொண்டேகோ பே நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின் நான்காம் பகுதி இரண்டையும் கொடுத்தது: தீவுகளுக்கு இடையேயான கடல் மீது இறையாண்மை ஏற்கப்பட்டது, அதற்கு ஈடாக அயல்நாட்டுக் கப்பல்களும் விமானங்களும் குறித்த தடங்களில் நிறுத்தமின்றிக் கடந்து செல்லும் உரிமை உறுதியாயிற்று. அடிக்கோடு பொதுவாக 100 கடல் மைலைத் தாண்டக் கூடாது, உள்ளடங்கும் நீர் நிலத்தைப் போல ஒன்பது மடங்குக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்புகளும் வந்தன. மேற்கு, கிழக்கு மலேசியாவுக்கு இடையே இந்தோனேசிய நீர் குறுக்கிட்டதால், அந்நாட்டின் போக்குவரத்து, மீன்பிடி உரிமைகளை ஏற்கும் ஒப்பந்தத்தையும் ஜகார்த்தா அதே ஆண்டு செய்துகொண்டது. ஒல்லாந்தரின் வழியை மூடப் பிறந்த கோட்பாடு உலகத்தாரின் வழியைத் திறந்து வைப்பதாகக் கையொப்பமிட்டே வென்றது; அதை இழப்பு என்று கருத இடமில்லை, பிறர் ஏற்காத இறையாண்மை 1964-இல் எவ்வளவு தூரம் சென்றது என்பதை ஜகார்த்தா கண்டிருந்தது.

உடன்படிக்கையை 1985-இல் இந்தோனேசியா ஏற்புறுதி செய்தது. 1994-இல் அது உலக அளவில் நடைமுறைக்கு வந்தது. வடக்கு தெற்காக மூன்று கடல்வழித் தடங்களை இந்தோனேசியா முன்மொழிய, 1998-இல் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு அவற்றை ஏற்றுக்கொண்டபோதும், கிழக்கு மேற்காக ஜாவாக் கடலைக் கடக்கும் தடம் விடுபட்டதால் அவற்றை முழுமையற்ற பட்டியல் என்றே குறித்தது. விடுபட்ட தடத்தில் தமக்கு உரிமை உண்டு என்பது அமெரிக்காவின் நிலை. 2003 ஜூலை 3-இல் ஜாவாவுக்கு வடக்கே பாவேயான் தீவின் மேலே அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலொன்றின் போர் விமானங்களும் அவற்றை விசாரிக்கச் சென்ற இந்தோனேசிய விமானங்களும் வானில் எதிரெதிரே நின்றது இந்த விடுபாட்டினால்தான்.

அண்மைக்காலச் சோதனை வடக்கிலிருந்து வந்தது. தென்சீனக் கடலில் சீனா வரையும் ஒன்பது கோட்டு எல்லை, நதுனாத் தீவுகளுக்கு வடக்கே இந்தோனேசியாவின் தனிப் பொருளாதார மண்டலத்தின் மேல், அதாவது மீனும் எண்ணெயும் எடுக்கக் கரையோர நாட்டுக்கு மட்டும் உரிமையுள்ள 200 கடல் மைல் பரப்பின் மேல், படிகிறது. 2010-இல் ஐ.நா.வுக்கு அனுப்பிய குறிப்பில் அக்கோட்டுக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று இந்தோனேசியா எழுதியது. 2017-இல் அக்கடற்பகுதிக்கு வட நதுனாக் கடல் என்று பெயரிட்டது. 2020 ஜனவரியில் சீனக் கடலோரக் காவல் கப்பல்கள் அங்கே நின்றபோது, இரு நாடுகளும் ஏற்றுக்கொண்ட 1982 உடன்படிக்கையையே சான்றாகக் காட்டியது. 2024 நவம்பரில் அதிபர் பிரபோவோ பெய்ஜிங் சென்றபோது வெளியான கூட்டறிக்கையில், உரிமைகோரல்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதிகளில் கூட்டு மேம்பாடு என்ற தொடர் இடம்பெற்றதும் இந்தோனேசியச் சட்ட அறிஞர்கள் கடுமையாக எச்சரித்தனர். படிவதாக ஒப்புக்கொண்டால் அறுபது ஆண்டு உழைப்பில் பெற்ற கோட்டைத் தானே அழித்ததாகும் என்ற அவர்களது கவலை நியாயமானது. சீனாவின் கோரிக்கையை ஏற்றதாக அவ்வறிக்கைக்குப் பொருள் இல்லை என்று ஜகார்த்தாவின் வெளியுறவு அமைச்சகம் அடுத்த சில நாட்களிலேயே விளக்கம் வெளியிட்டது.