தசைநாண் கிழிந்தால் ஸ்டெம் செல் ஊசி கைகொடுக்குமா? செல்களுக்கு வழிகாட்டும் புரதங்கள்... எளிய விளக்கம்!

சுரங்கம், அனல்மின் நிலையம், கன்வேயர் பெல்ட் பராமரிப்பு என உடம்பை வருத்தும் வேலைகள் நிறைந்த ஊர் நெய்வேலி. கையைத் தலைக்கு மேலே தூக்கி வேலை பார்ப்பது, இரும்புப் படிகளில் ஏறி இறங்குவது, கனமான பொருட்களைத் தூக்குவது... இதெல்லாம் தோள்பட்டையையும் குதிகாலையும் பதம் பார்க்கும். "ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்று ஸ்கேனில் வந்துவிட்டால் அடுத்து எழும் கேள்வி: "ஸ்டெம் செல் ஊசி போட்டா சரியாகிடுமா?"

ஜவ்வு என்றால் எது?

தசையை எலும்போடு கட்டிவைக்கும் கயிறுதான் தசைநாண். எலும்பை எலும்போடு இணைப்பது தசைநார். பேச்சுவழக்கில் ரெண்டையுமே ஜவ்வுன்னு சொல்லிடுறோம்.

தசைநாணில் நீரை நீக்கிவிட்டுப் பார்த்தால், பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம்தான். மூன்று இழைகளை முறுக்கிய கயிறு போன்றது அதன் வடிவம். இதை 1954-ல் உலகுக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்தாவும்.

ஆற ஏன் இவ்வளவு நாள்?

தசைநாணில் ரத்த ஓட்டம் குறைவு, செல்களும் குறைவு. காயம்பட்டதும் சில நாட்கள் வீக்கம் இருக்கும். அடுத்த சில வாரங்களில் அவசர ஒட்டு போல 3-ம் வகை கொலாஜன் உருவாகும். பிறகு மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டுக்கும் மேலாக, அந்த இடத்தை உறுதியான 1-ம் வகை கொலாஜன் மெல்ல மெல்லப் பிடிக்கும். அப்படியும் தழும்புப் பகுதி பழைய பலத்தை முழுசா எட்டுவதில்லை.

செல்களுக்கு வழி காட்டுவது யார்?

தசைநாணிலேயே ஸ்டெம் செல்கள் இருப்பதை 2007-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன விஞ்ஞானிகள் இடம்பெற்ற குழு கண்டறிந்தது. இந்த செல்கள் தனியாக இருப்பதில்லை. சுற்றிலும் பைகிளைகன், ஃபைப்ரோமாடுலின் போன்ற புரதங்கள் நிறைந்த ஒரு வலைக்குள் வாழ்கின்றன.

அந்த இரண்டு புரதங்களும் இல்லாத எலிகளில் என்ன நடந்தது தெரியுமா? எலும்பாக மாறச் சொல்லும் சமிக்ஞை அதிகமாகி, தசைநாணுக்குள்ளேயே எலும்பு வளர்ந்துவிட்டது! செல் அதேதான். சுற்றியுள்ள புரதங்கள் மாறியதால் அதன் பாதையே மாறிவிட்டது.

புரத வலையின் விறைப்பும் முக்கியம். மிருதுவான பரப்பில் நரம்பு செல் போலவும், ஓரளவு விறைப்பான பரப்பில் தசை செல் போலவும், கெட்டியான பரப்பில் எலும்பு செல் போலவும் ஸ்டெம் செல்கள் மாறத் தொடங்குவதை 2006-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

அப்போ ஊசி போடலாமா?

இங்கேதான் கவனம் தேவை. செல்லை மட்டும் உள்ளே செலுத்தினால் போதாது. காயம்பட்ட இடத்தின் புரத வலையும் அதற்குச் சரியான வழியைக் காட்டணும். அதனால்தான் செல்லோடு சேர்த்து கொலாஜன் போன்றவற்றால் ஆன சாரத்தையும் வைக்கும் முயற்சிகள் ஆய்வில் உள்ளன.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல்படி, அங்கீகரிக்கப்பட்ட நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை தவிர, மற்றவை எதுவும் நிலையான சிகிச்சை அல்ல. அனுமதி பெற்ற ஆய்வில்தான் அவற்றைப் பயன்படுத்தலாம். ஆய்வு என்றால் நெறிமுறைக் குழு ஒப்புதலும், பதிவு எண்ணும், உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதமும் இருக்கணும். "ஒரே ஊசி, வலி போயிடும்" என்று யாராவது பெரிய தொகை கேட்டால், முதலில் அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள்.

என்ன செய்யலாம்?

* முழுசா அறுந்திருந்தால் தாமதிக்காமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அறுவை சிகிச்சை தேவையா என்பதை அவர் முடிவு செய்வார்.
* நாள்பட்ட வலி என்றால், பிசியோதெரபிஸ்ட் சொல்படி படிப்படியாக எடையைக் கூட்டும் பயிற்சி நல்ல பலன் தரும். அளவான இழுவிசைதான் கொலாஜன் இழைகளை ஒரே திசையில் அடுக்க உதவுகிறது.
* சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள், புகையை விடுங்கள். இரண்டுமே தசைநாண் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.
* சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது குதிகாலில் வலி வந்தால், உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வலி குறைந்ததுமே தசைநாண் பழையபடி ஆகிவிட்டதாக நினைக்க வேண்டாம். கனமான வேலைக்கு எப்போது திரும்பலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்வதே நல்லது.