ஒகஸ்ட் 6: ஆழிக்குமரன் ஆனந்தனின் மரணமும் எங்கள் நினைவும்

வல்வெட்டித்துறையில் ஒகஸ்ட் மாதத்தின் முதல் வாரம் ஏற்கெனவே பாரமான வாரம். 1989 ஒகஸ்ட் 2ஆம் திகதி தொடங்கி அங்கு இந்திய அமைதிப்படை 60க்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றது. அந்த அஞ்சலிக்குக் கொளுத்திய விளக்குகள் அணைந்து நான்கு நாளில் இன்னொரு நினைவுநாள் வருகிறது. 1984 ஒகஸ்ட் 6இல், இதே ஊரின் மகன் விவேகானந்தன் செல்வகுமார் ஆனந்தன் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோது உயிரிழந்தார். வயது 41. குமார் ஆனந்தன் என்று உலகம் அறிந்த அவரை நாங்கள் ஆழிக்குமரன் என்றோம்.

நான் பிறந்தது அதற்குப் பிறகு. அம்மா சொல்லித்தான் எனக்கு அவரைத் தெரியும். செய்தி வந்த அன்று ஒழுங்கையில் இரண்டு விதமான கதை இருந்ததாம். கடலை வென்றவனைக் கடலே கொண்டுபோட்டுது என்று ஒரு பக்கம் அழுகை. படிச்ச மனுசன், சட்டத்தரணி, கோட்டுக்குப் போய்வந்து சுகமாக இருந்திருக்கலாம், ஏன் உந்த வேலை என்று மறுபக்கம் கோபம். இரண்டையும் சொன்னது ஒரே ஆட்கள்தான் என்பார் அம்மா.

அந்தக் கோபத்தைப் புரிந்துகொள்ள அவருடைய சாதனைப் பட்டியலைப் பார்க்க வேண்டும். 1971இல் இலங்கைக் கரையிலிருந்து நீந்தி, இந்தியக் கரையைத் தொட்டு, அப்படியே திரும்பி வந்தார். 51 மணிநேரம். அதற்கு முன்னரே, 1954இல், தொண்டைமானாறு நவரத்தினசாமி பாக்குநீரிணையை ஒருவழியாக நீந்தி வழிகாட்டியிருந்தார். ஆனால் ஆனந்தன் நீச்சலோடு நிற்கவில்லை. 1979 மே மாதம் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றி 187 மணி 28 நிமிடம் நிறுத்தாமல் சைக்கிள் ஓடினார். 1980 மே மாதம் சுதந்திர சதுக்கத்தில் 33 மணிநேரம் ஒற்றைக்காலில் நின்றார். ட்விஸ்ட் நடனம் 128 மணிநேரம். தண்ணீரில் நிமிர்ந்தபடி மிதந்தது 80 மணிநேரம். கின்னஸ் புத்தகத்தில் ஒரு வரி கிடைத்ததும் அடுத்த வரியைத் தேடினார். அந்த வரிகளும் நிலைக்கவில்லை. ஒற்றைக்கால் சாதனையை 1982இல் தமிழகத்துச் சத்தியமங்கலத்தைச் சேர்ந்த ரவி ஒரு மணிநேரத்தால் முறியடித்தார்.

இந்தத் திகதிகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். 1977 கலவரத்துக்கும் 1983 ஜூலைக்கும் இடையில், கொழும்பின் நடுவில், வல்வெட்டித்துறைத் தமிழர் ஒருவர் நாட்கணக்காகச் சைக்கிள் ஓடுகிறார், ஒற்றைக்காலில் நிற்கிறார். சாதனை இலங்கையின் பெயரில் பதிவாகிறது. 1981 ஜூனில் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அதற்குப் பிறகு ஓராண்டுதான் அவர் உயிரோடிருந்தார்.

ஆங்கிலக் கால்வாய் அதன் மிக ஒடுங்கிய இடத்தில் ஏறத்தாழ 33 கிலோமீற்றர். பாக்குநீரிணையை இருவழியும் நீந்தியவருக்கு அது என்ன தூரம் என்று தோன்றும். தூரம் அல்ல பிரச்சினை. எங்கள் கடல் பெரும்பாலும் 27, 28 பாகை வெப்பத்தில் இருக்கும். ஒகஸ்டில்கூடக் கால்வாயின் நீர் 16 முதல் 18 பாகை வரைதான். உடலின் வெப்பத்தைத் தண்ணீர் காற்றைவிடப் பலமடங்கு வேகமாக உறிஞ்சிவிடும். முதலில் நடுக்கம், பிறகு கைவீச்சு தளரும், பிறகு புத்தி தடுமாறும். தான் ஆபத்தில் இருப்பது நீந்துபவருக்கே தெரியாமல் போகும். கால்வாய் நீச்சலின் விதிப்படி சாதாரண நீச்சல் உடை, தொப்பி, கண்ணாடி மட்டும்தான். குளிர்தாங்கும் உடை கூடாது, துணைப்படகைத் தொடவும் கூடாது. சூடான கடலில் மனவுறுதி 51 மணிநேரம் ஒருவரைக் கொண்டுபோகும். குளிர் மனவுறுதியைப் பார்ப்பதில்லை. அவர் சாவுக்குக் குளிரே காரணம் என்றுதான் ஊரில் இன்றுவரை சொல்லப்படுகிறது.

கால்வாயை 1875இல் முதன்முதலில் நீந்திக் கடந்த கப்டன் மத்தியூ வெப்பின் கதையும் இப்படித்தான். புகழ் வந்தது, அது தேயத் தொடங்கியது, பணமுடை வந்தது. கண்ணாடித் தொட்டியிலும் கண்காட்சியிலும் வித்தை காட்டினார். தண்ணீரில் 128 மணிநேரம் மிதந்தார். ஆனந்தனின் ட்விஸ்டும் 128 மணிநேரம் என்பது தற்செயல், ஆனாலும் எனக்கு அது உறுத்துகிறது. 1883இல், 35 வயதில், நயாகரா நீர்வீழ்ச்சிக்குக் கீழே உள்ள சுழியில் இறங்கி வெப் மாண்டார். அவருடைய ஊரில் நினைவுத்தூண் எழுப்பினார்கள்.

எங்கள் ஊருக்குத் தூண் எழுப்ப அவகாசம் கிடைக்கவில்லை. 1984இற்குப் பிறகு வடக்குக் கடலே மூடப்பட்டது. கடற்படையின் தடை, ஷெல், கரைவலைக்கும் போகமுடியாத காலம். பாக்குநீரிணையை நீந்துவது என்ற சொல்லே பொருளிழந்தது; அதைக் கடந்தவர்கள் உயிர்தப்பப் படகேறியவர்கள். எங்கள் துக்கத்துக்கும் அப்போது வகைகள் வந்துவிட்டன. களத்தில் இறந்தவர், கொல்லப்பட்டவர், காணாமல் ஆக்கப்பட்டவர். யாரும் கொல்லாத, எந்த இயக்கத்தையும் சேராத, தானே தெரிந்தெடுத்த கடலில் இறந்த ஒருவரை எந்த வரிசையில் வைப்பது? அவரை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் அழுதுமுடிக்கவும் இல்லை என்றே நினைக்கிறேன்.

2021 ஏப்ரலில் அவர் பெயர் மீண்டும் செய்தியில் வந்தது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ரொஷான் அபேசுந்தர இருவழியும் 28 மணிநேரத்துக்குச் சற்று மேல் எடுத்து நீந்தி, ஐம்பது ஆண்டு நின்ற ஆனந்தனின் நேரத்தை முறியடித்தார். அவர் இலங்கை விமானப்படையைச் சேர்ந்தவர். விமானம் என்றால் பதுங்குகுழியை நினைக்கும் வயதுக்காரர் பலருக்கு அந்தச் செய்தியை எப்படி வாங்கிக்கொள்வதென்று தெரியவில்லை. எனக்கும்தான். நீந்தியவரின் உழைப்பு உண்மையானது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அம்மாவிடம் சொன்னேன். சாதனை என்றால் முறிக்கத்தானே பிள்ளை என்றுவிட்டு, அந்தப் பெடியன் சுகமாகக் கரைக்கு வந்திட்டானோ என்று கேட்டார்.

வல்வெட்டித்துறை ரேவடிக் கடற்கரையில் இப்போது ஆழிக்குமரன் பெயரில் நீச்சல் தடாகம் இருக்கிறது. பிள்ளைகள் அங்கே நீச்சல் பழகுகிறார்கள். மதிலுக்கு அந்தப்பக்கம் கடல்.